கணக்குப் பிடிக்கும் எண்டு வெளியிலை சொல்லிப்போடாதை

எடி பிள்ளை, மட்ராசுக்குப் போறதெண்டு முடிவாச்சு. பெண்பிள்ளையள் மட்டும் படிக்கிற கல்லூரி, மூண்டு வருசம், கணிதத்திலை பி.எஸ்சி. கொம்மா பெட்டி அடுக்கிறா. மிளகாய்த்தூள் வைச்சாச்சு, ஒடியல் வைச்சாச்சு, பருத்தித்துறை வடையும் வைச்சாச்சு. புத்திமதிதான் இன்னும் வைக்கேல்லை. அதுக்கு நிறை இல்லை, பலாலியிலை அதுக்கெண்டு கூடக் காசும் கேளாங்கள். நான் தாறன், கொண்டு போ.

ஒண்டே ஒண்டுதான். கணக்கு உனக்குப் பிடிக்கும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.

எங்கடை சனம் நல்ல சனம். எதையும் மன்னிக்கும். "இஞ்சினியருக்கு இசட் ஸ்கோர் காணாமப் போச்சு, அதாலை கணக்குப் படிக்கப் போறன்" எண்டு சொல்லிப்பார், ஐயோ பாவம் எண்டு தேத்தண்ணி ஊத்தித் தருவினம், பக்கத்திலை ரெண்டு பிஸ்கட்டும் இருக்கும். "எனக்குப் பிடிச்சிருக்கு, அதாலை படிக்கிறன்" எண்டு சொல்லிப்பார். கொம்மாவை குசினிப் பக்கம் கூப்பிட்டு, பிள்ளைக்கு மனசிலை ஏதும் பிரச்சினையோ எண்டு விசாரிப்பினம். அதாலை ஆள்பாத்து மறுமொழி வைச்சிரு.

சங்கானை மாமி கேட்டால் வங்கி எண்டு சொல்லு. மாமிக்கு வங்கியிலை வேலை செய்யிற மருமகள் வேணும், வங்கியிலை என்ன வேலை எண்டு தெரியத் தேவையில்லை. பள்ளிக்கூடத்து வாத்திமார் கேட்டால் பட்டதாரி ஆசிரியர் நியமனம் எண்டு சொல்லு. 2017 இலை நியமனம் கேட்டுக் கச்சேரிக்கு முன்னாலை மாசக்கணக்காய் இருந்த பட்டதாரிப் பிள்ளையளை அவையும் பாத்தவை, எண்டாலும் அந்த மறுமொழி கேக்க அவைக்குச் சந்தோசம். லண்டன் சித்தப்பாவுக்கு மட்டும் வேறை. அவர்தான் பீஸ் கட்டுறவர். அவருக்கு "டேட்டா சயன்ஸ்" எண்டு சொல்லு. அது என்னெண்டு அவர் கேளார். கேட்டால் தனக்குத் தெரியாதெண்டு வெளிச்சிடும்.

கோயில் ஐயர் கேட்டால் பஞ்சாங்கம் எண்டு சொல்லலாம். அதிலை கொஞ்சம் உண்மையும் இருக்கு. எங்கடை ஆராலிப் பக்கம் கணக்குக்குப் பேர்போன இடமடி. விசுவநாத சாஸ்திரியார் எண்டு ஒருத்தர், பஞ்சாங்கம் கணிக்கிறவர். அங்காலை வட்டுக்கோட்டையிலை 1823 இலை அமெரிக்க மிசன்காரர் செமினரி தொடங்கி, டானியல் பூவர் எண்ட பாதிரியார் கணிதமும் வானசாத்திரமும் படிப்பிச்சுக் கொண்டிருந்தார். 1829 இலை ஒரு சந்திர கிரகணம். எப்ப பிடிக்கும், எவ்வளவு மறைக்கும், எப்ப விடும் எண்டதிலை ரெண்டு பேரின்ரை கணக்கும் ஒத்துவரேல்லை. சனம் ராத்திரி முத்தத்திலை நிண்டு அண்ணாந்து பாத்தது. பூவர் ஐயரின்ரை கணக்குத்தான் சரிவந்தது எண்டு மிசன்காரர் எழுதி வைச்சிருக்கினம்.

அதை விடு. வெண்டது ஆரெண்டு எனக்குக் கவலையில்லை. பூவருக்கு அந்தக் கணக்கு வேதத்துக்கு ஆள் சேக்க வேணும். சாஸ்திரியாருக்கு அது பிழைப்பு. நிழல் விழுற வடிவைப் பாத்து, "அட, உது எப்பிடியடாப்பா இவ்வளவு திருத்தமாய் வருது" எண்டு சும்மா கேட்டவன் ஒருத்தன் அந்த முத்தத்திலை நிண்டிருப்பான். அவன் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டபடியாலை அவன்ரை பேர் ஒரு புத்தகத்திலையும் இல்லை. நீயும் அவனை மாதிரி இரு.

அந்தச் செமினரியிலை படிச்ச கரோல் விசுவநாதபிள்ளை 1855 இலை தமிழிலை வீசகணிதம் எண்டு ஒரு புத்தகமே போட்டவர். ரெண்டு வருசத்தாலை மட்ராசிலை பல்கலைக்கழகம் வந்து முதல் பி.ஏ. சோதினை வைக்க, அவரும் சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளையும் போய் எழுதிப் பாஸ் பண்ணிச்சினம். முதல் பி.ஏ. ரெண்டும் எங்கடை பொடியள். சென்னையிலை ஆரும் உன்னைப் பாத்து "சிலோன்லேயிருந்தா வர்றே, அங்க காலேஜ் எல்லாம் இருக்கா?" எண்டு கேட்டால் உதைச் சொல்லாதை. சிரிச்சுக்கொண்டு "சின்னதாய் ஒண்டு ரெண்டு இருக்கு" எண்டு சொல்லு. முதல் செமஸ்டர் றிசல்ட் வந்தாப்பிறகு சொல்லலாம்.

பெட்டையளின்ரை கதை வேறை. 1824 இலை உடுவிலிலை ஹரியற் வின்ஸ்லோ அம்மா பெட்டையளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கினா. செமினரிப் பொடியளுக்குப் படிச்ச பொம்பிளை வேணுமெல்லே. அங்கை படிச்சு முடிச்சுக் கிறிஸ்தவப் பொடியனைக் கட்டிற பிள்ளைக்கு மிசனே சீதனம் குடுத்து அனுப்பினதாம். வெள்ளைக்காரி வந்தும் யாழ்ப்பாணத்தை மாத்த ஏலேல்லை, யாழ்ப்பாணம்தான் அவவை மாத்தினது. பேந்து சேர் பொன். இராமநாதன் 1913 இலை மருதனார்மடத்திலை பெட்டையளுக்கு ஒரு கல்லூரி கட்டினார், 1921 இலை திருநெல்வேலியிலை பொடியளுக்குப் பரமேசுவராவைக் கட்டினார். 1974 இலை யாழ்ப்பாண வளாகம் வரேக்கை பரமேசுவராதான் அதின்ரை வீடாச்சு. மருதனார்மடத்திலை இருந்து பல்கலைக்கழகத்தோடை சேந்தது சங்கீதமும் நடனமும். விஞ்ஞான பீடம் முதல் தொடங்கினது எங்கடை வட்டுக்கோட்டையிலை, யாழ்ப்பாணக் கல்லூரி வளவுக்குள்ளை. வளாகத்திலை இடம் கிடைச்சிருந்தால் நீயும் இஞ்சையே படிச்சிருப்பாய். வேம்படி, சுண்டுக்குளி, உடுவில் எண்டு பெட்டையளின்ரை பள்ளிக்கூடங்கள் ஏ.எல். வரைக்கும் கணக்குப் படிப்பிச்சு விடும். அதுக்கு மேலையும் பெட்டையளோடை மட்டும் இருந்து பட்டம் எடுக்கோணுமெண்டால் கடல் தாண்டத்தான் வேணும்.

எங்கடை சனத்துக்குக் கணக்கு வராது எண்டு மட்டும் நினைச்சுப்போடாதை. மாமியின்ரை காணி உறுதியை ஒருக்கா வாங்கிப் பார். "நாலு பரப்பு ஒன்பது குழியில் பிரிபடாத எட்டிலொரு பங்கும், கிணற்றுப் பங்கும், வழி வாய்க்கால் உரித்தும்" எண்டு கிடக்கும். வரகுப் பரப்பெண்டால் பரப்புக்கு 18 குழி. அப்ப நாலு பரப்பு ஒன்பது குழி எண்டது 81 குழி. அதிலை எட்டிலொண்டு பத்துக் குழியும், ஒரு குழியிலை எட்டிலொரு துண்டும். அந்தத் துண்டிலை ஒரு பாய் விரிச்சு ஒராள் படுக்கலாம், திரும்பிப் படுக்க ஏலாது. அந்தப் பாயளவுக்கு வழக்குப் பேசின குடும்பங்கள் இஞ்சை இருக்கு. நெல்லுக் காணியெண்டால் கணக்கு வேறை. பரப்புக்கு 12 குழிதான், ஏக்கருக்கு 24 பரப்பு. வரகுக்கு 16 பரப்பு ஒரு ஏக்கர். ரெண்டையும் பெருக்கிப்பார், 288 குழிதான் வரும். எங்கடை காணி, சொத்துச் சட்டமான தேசவழமையை 1707 இலை கிளாஸ் ஐசாக் எண்ட ஒல்லாந்து துரை எழுதிக் குடுத்த காலத்திலையிருந்து முதுசம், சீதனம், தேடியதேட்டம் எண்டு பின்னத்திலைதானடி நாங்கள் சீவிக்கிறம். பள்ளிக்கூடம் போகாத ஆச்சிமாரும் பின்னம் பிரிப்பினம். காணியில்லாத பின்னம்தான் எங்கடை மூளைக்கு ஏறாது.

சோதினையும் அப்பிடித்தான். பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் தொடங்கேக்கை பேராதனைப் பொறியியலுக்குத் தமிழ்ப் பிள்ளைக்கு 250 புள்ளி, சிங்களப் பிள்ளைக்கு 227. அந்த 23 புள்ளி என்னத்தையெல்லாம் கொண்டுவந்து விட்டதெண்டு உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதுக்குப் பிறகு எங்கடை ஊரிலை கணக்கெண்டால் புள்ளிதான். மாவட்டத்துக்கு 55 வீதம், திறமைக்கு 40 வீதம், பின்தங்கின மாவட்டத்துக்கு 5 எண்டு கோட்டாக் கணக்கை மனப்பாடமாய்ச் சொல்லுற தகப்பன்மார் இருக்கினம். மகள் என்ன கணக்குச் செய்யிறாள் எண்டு கேட்டால் மட்டும் "மட்ஸ்" எண்டுவினம். விடியப்புறம் ரியூசன், பின்னேரம் ரியூசன், இடையிலை பள்ளிக்கூடம். பத்து வருசப் பாஸ் பேப்பரைக் கரைச்சுக் குடிச்ச பிள்ளையிட்டை, "உது ஏன் உண்மை?" எண்டு கேட்டால் "சேர், உது சோதினைக்கு வராது" எண்டுதான் சொல்லும்.

நீயும் அந்தப் பாஸ் பேப்பர் குடிச்ச பிள்ளைதான். அதாலை ஒரு எச்சரிக்கை. முதல் வருசம் உனக்குக் கொண்டாட்டமாய் இருக்கும். இணைந்த கணிதம் படிச்ச பிள்ளைக்கு வகையீடும் தொகையீடும் புதிசில்லை. பக்கத்திலை இருக்கிற பிள்ளையள் கொப்பி கேட்டு வருவினம், நீ மகாராணி. ரெண்டாம், மூண்டாம் வருசத்திலை ரியல் அனாலிசிஸ் எண்டு ஒண்டு வரும். அங்கை விடை கேக்கமாட்டினம், விடை இருக்கெண்டு எப்பிடித் தெரியும் எண்டு கேப்பினம். தேற்றங்களைப் பாடமாக்கி எழுதி அதிலையும் பாஸ் பண்ணலாம், எங்கடை பிள்ளையளுக்கு அந்த வித்தை கைவந்தது. அப்பிடிச் செய்தால் உன்ரை இரகசியம் பத்திரமாய் இருக்கும், ஒருத்தரும் உன்னைச் சந்தேகப்படார். செய்யாமல் விட்டால் கஷ்டம். ஒரு வரியிலை நிண்டு யோசிச்சுக்கொண்டிருப்பாய், விடுதியிலை சாப்பாட்டு மணி அடிச்சுப் போயிருக்கும்.

குலம் எண்டும் ஒரு பாடம் இருக்காம். மாமியின்ரை காதிலை விழுந்தால் சந்தோசப்படுவா, தடுக்காதை. கணக்கிலை ஒண்டு குலமோ இல்லையோ எண்டு பாக்க நாலே நாலு விதிதான், அதையும் எழுதி வைச்சிருக்கினம். எங்கடை ஊரிலை எத்தினை விதியெண்டு இண்டைக்கும் ஆரும் எழுதிக் குடுக்கேல்லை, எண்டாலும் எல்லாருக்கும் தெரியும்.

மேற்கு வளவுக்காரன்ரை வேலிக் கதை ஞாபகம் இருக்கோ? வருசா வருசம் கிடுகு மாத்தி வேலி அடைக்கேக்கை கதியாலை எங்கடை பக்கம் தள்ளி நடுவான். நான் கத்துவன், அவன் கிடுகு காத்துக்குச் சரிஞ்சதெண்டுவான். நீ அப்ப ஏ.எல். படிச்சுக்கொண்டிருந்தாய். "அப்பு, அவர் முதல் வருசம் அரை முழம், அடுத்த வருசம் கால் முழம், அதுக்கடுத்தது அரைக்கால் எண்டு பாதி பாதியாய்த் தள்ளினால், எத்தினை வருசம் தள்ளினாலும் ஒரு முழத்தைத் தாண்டார்" எண்டு சொன்னாய். எனக்கு நல்ல ஆறுதல். பேந்துதான் சொன்னாய், அரை முழம், மூண்டிலொரு முழம், கால் முழம், ஐஞ்சிலொரு முழம் எண்டு தள்ளினால் நிப்பாட்டவே ஏலாதெண்டு. தள்ளுறது வருசத்துக்கு வருசம் குறைஞ்சுகொண்டுதான் வருகுது, எண்டாலும் கிணத்தையும் தாண்டும், வீட்டையும் தாண்டும், கோயிலையும் தாண்டும்.

நான் நம்பேல்லை. நீ திண்ணையிலை கரித்துண்டாலை எழுதிக் காட்டினாய். மூண்டிலொண்டையும் காலையும் கூட்டினால் அரைக்கு மேலை. அடுத்த நாலையும் கூட்டினால் அரைக்கு மேலை. அதுக்கடுத்த எட்டையும் கூட்டினால் அரைக்கு மேலை. அப்பிடியே அரை அரையாய் வந்துகொண்டே இருக்கும், முடிவில்லை. உதை 14 ஆம் நூற்றாண்டிலை ஓரெம் எண்ட பிரெஞ்சுப் பாதிரியார் கண்டு பிடிச்சவராம். அங்கையும் வேலிச் சண்டை இருந்திருக்கோணும். எங்கடை கிணறு ஐஞ்சு முழத்திலை இருக்கு, அதைத் தாண்ட அவனுக்கு 226 வருசம் வேணுமெண்டு கணக்குப் பாத்தும் சொன்னாய். 226 வருசத்திலை அவனும் இருக்கான், நானும் இருக்கன். வழக்கு இருக்கும்.

அவன் பாதியாயும் தள்ளேல்லை, மூண்டிலொண்டாயும் தள்ளேல்லை. ஒவ்வொரு வருசமும் ஒரே அளவுதான் தள்ளினவன். அவனுக்குக் கணக்குத் தெரியாதெண்டது எங்கடை குடும்பத்துக்குப் பெரிய நட்டம். அது வேறை கதை. அண்டைக்குத் திண்ணையிலை உன்ரை மூஞ்சியைப் பாத்தன் நான். வேலியும் தெரியேல்லை, கிணறும் தெரியேல்லை உனக்கு. அந்த மூஞ்சியைச் சென்னையிலை வைச்சுக்கொள், ஊருக்கு வரேக்கை கழட்டி வைச்சிட்டு வா.

பெட்டையள் மட்டும் இருக்கிற வகுப்பிலை ஒரு வசதி, கேள்வி கேட்டு முடிக்க முந்திப் பின்வாங்கிலை இருந்து விடையைக் கத்துற பொடியன் அங்கை இருக்கான். ரியூட்டரியிலை அவன் கத்துறதிலை பாதி பிழை. எண்டாலும் அவன் கத்தினாப்பிறகு உங்களிலை ஒருத்தியும் வாய் திறக்கிறதில்லை, சேரும் அடுத்த கணக்குக்குப் போயிடுவார். அங்கை உன்ரை பிழையை நீயே முழுசாய் விடலாம். "உது வெளிப்படை" எண்டு படிப்பிக்கிற அம்மா சொன்னால் கையைத் தூக்கு. அவவுக்கும் சில நேரம் அது வெளிப்படையாய் இருக்காது. இரவிலை கேற் பூட்டிற நேரம், வெளியாலை போக வீட்டுக்காரரின்ரை கடிதம், வார்டன்ரை கோபம் எல்லாம் இருக்கும். கொம்மா அந்தக் கல்லூரியைத் தெரிஞ்சதே அந்தப் பூட்டுக்காகத்தான். பூட்டு அவவுக்கு, கணக்கு உனக்கு. சண்டை பிடிக்காதை.

"கணக்குப் படிச்சு எந்தப் பொம்பிளை என்ன ஆனவள்?" எண்டு ஆரும் கேட்டால், வாசிகசாலையிலை நான் வாசிச்சதைச் சொல்லுறன், கேள். ஆம்பிளையளிலை எலியேசரை எல்லாருக்கும் தெரியும், கேம்பிரிட்ஜிலை டிராக்கிட்டை ஆராய்ச்சி செய்திட்டு வந்து இலங்கைப் பல்கலைக்கழகத்திலை கணிதப் பேராசிரியராய் இருந்தவர். பொம்பிளையளிலை பரிமளா எண்டு ஒருத்தி. 1948 இலை தமிழ்நாட்டிலை பிறந்தவ. நீ போற மாதிரித்தான், சென்னையிலை பெண்பிள்ளையள் படிக்கிற ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலை படிச்சவ. பேந்து பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையம். இருபடி வடிவங்கள் எண்டு ஒரு துறை. அதிலை, ஒரு தளத்துக்கு மேலை எளிமையான வகை மட்டும்தான் இருக்கும் எண்டு எதிர்பாத்துக்கொண்டிருந்தவைக்கு, அப்பிடியில்லாத ஒண்டை 1976 இலை எடுத்துக் காட்டினா. 1987 இலை பட்நாகர் விருது. 1994 இலை சூரிச்சிலையும் 2010 இலை ஐதராபாத்திலையும் உலகக் கணித மாநாட்டிலை அழைச்சுப் பேசவைச்சவை. அமெரிக்காவிலை எமரி பல்கலைக்கழகத்திலை பேராசிரியையாய்ப் படிப்பிச்சவ.

உதெல்லாத்தையும் சொல்லிப்பாத்தன் மாமிக்கு. கவனமாய்க் கேட்டுப்போட்டு, "அவ எந்தப் பகுதி ஆக்கள்?" எண்டு கேட்டா. கணக்கிலையெண்டால் ஒரே ஒரு எதிருதாரணம் காட்டினால் போதும், வாதம் முடிஞ்சுது. எங்கடை ஊரிலை நூறு காட்டினாலும் "அது வேறை" எண்டு சொல்லி எழும்பிப் போவினம். அதாலை நீ ஆரையும் நிரூபிச்சு வெல்லப் பாக்காதை. களைச்சுப் போவாய், கணக்குக்கு மூச்சு மிஞ்சாது.

நீ ரெண்டாம் வருசம் போகேக்கை கலியாணத் தரகர் வருவார், சாதகக் குறிப்புக் கேப்பார். "கனடாப் பொடியன், பிள்ளை படிப்பை அங்கையும் தொடரலாம்" எண்டுவார். தொடரலாம் எண்டது ஒரு வாக்குறுதியோ, ஒரு சாத்தியமோ எண்டு நீ கேட்டுப்போடாதை, படிப்பு எங்கை போய் நிக்கும் எண்டு அவருக்கு விளங்கியிடும். நான் பாத்துக்கொள்ளுறன். உன்ரை குறிப்பு பெட்டியிலை கறையான் அரிச்சுப் போச்சு எண்டு சொல்லி மூண்டு வருசம் இழுக்கலாம். ஐயரிட்டைத் திருப்பி எழுதக் குடுத்திருக்கெண்டு சொன்னால் இன்னும் ஒண்டு கூட இழுக்கலாம். வாக்கியமோ திருக்கணிதமோ எண்டு ஒரு கேள்வியையும் போட்டுவிட்டால், எம்.எஸ்சி. யும் முடிஞ்சிடும்.

மற்றது, போன கிழமை நீ சொன்ன பகா எண் விசயம். பகா எண் முடியவே முடியாது, உள்ளதெல்லாத்தையும் பெருக்கி ஒண்டைக் கூட்டினால் புதிசாய் ஒண்டு வரும் எண்டு சொல்லிப்போட்டுப் போனாய். நான் புகையிலைக் கணக்குக் கொப்பியிலை செய்துபாத்தன். 2, 3, 5, 7, 11, 13. பெருக்கினால் 30030. ஒண்டு கூட்ட 30031. அதைப் பிரிச்சுக்கொண்டே போனன், 59 ஆலை மிச்சமில்லாமல் போகுது, 509 தரம். அப்ப உது பகா எண் இல்லையே. நீ சொன்னதிலை பிழையோ, எனக்குத்தான் விளங்கேல்லையோ? போய் இறங்கின உடனை எழுது. வாட்ஸ்அப்பிலை போடாதை, அது கொம்மாவின்ரை போன். கடிதமாய்ப் போடு. வந்ததென்னெண்டு கேட்டால் மருந்துத் துண்டெண்டு சொல்லுறன்.